வீட்டுக் கல்வி: பெற்றோர் அறிய வேண்டிய சட்டங்கள்

 



"ஹஜ்ரத், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்தே ஓதவும் படிக்கவும் செய்யலாமா? மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டா? சர்க்கார் சட்டம் என்ன சொல்கிறது?"

அருப்புக்கோட்டையிலும், திருச்சுழி, நரிக்குடி பக்கத்துச் சிற்றூர்களிலும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. காரணங்கள் பல. உயர்நிலைப் பள்ளி தூரத்தில் இருக்கிறது. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம், டியூஷன் என்று ஓடும் பிள்ளைக்குக் குர்ஆன் ஓத நேரமில்லை. கைபேசியும் கெட்ட சகவாசமும் பிள்ளையைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சம். போதாததற்கு, 2020 மார்ச் மாதம் பெருநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் வைத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த அனுபவமும் சேர்ந்துகொண்டது.

கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மார்க்கக் கல்வியை வீட்டில் கற்பிப்பது யார் கடமை? உலகக் கல்வியை வீட்டில் வைத்துக் கொடுக்கலாமா? இவற்றில் குடும்பத்தாருக்குள்ள உரிமைகளும் பொறுப்புகளும் யாவை? மூன்றையும் கலந்துவிட்டால் பதில் குழம்பும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீடே முதல் மதரஸா

ஈமான் கொண்டோர் தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பை விட்டுக் காத்துக்கொள்ள வேண்டும் என்று திருமறையின் 66ஆவது அத்தியாயம் 6ஆவது வசனம் கட்டளையிடுகிறது. குடும்பத்தாரைத் தொழும்படி ஏவி, அதில் பொறுமையோடு நிலைத்திருக்குமாறு தாஹா சூராவின் 132ஆவது வசனம் ஏவுகிறது. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை அல்லாஹுத் தஆலா ஒரு முழு சூராவின் பெயருக்கே காரணமாக்கினான். இணை வைக்காமை, பெற்றோருக்கு நன்றி, தொழுகை, பொறுமை, நடையிலும் குரலிலும் அடக்கம் என்று அந்தப் பாடத்திட்டம் வரிசையாக வருகிறது. அங்கே ஆசிரியர் தந்தை, மாணவர் மகன்.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களுடைய ஊர் வாலிபர்களும் மதீனா வந்து இருபது இரவுகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை உணர்ந்த நபிகளார் (ஸல்), ஊருக்குத் திரும்பிச் சென்று குடும்பத்தாரிடையே தங்கி, அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு அனுப்பிவைத்தார்கள். இது புகாரியில் வரும் ஹதீது. இருபது நாள் கற்றவருக்கே, கற்ற அளவுக்குக் குடும்பத்துக்குக் கற்பிக்கும் பொறுப்பு வந்துவிட்டது. "நான் என்ன ஆலிமா, எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்ளும் தந்தைமார் இதைச் சிந்திக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டில் எப்படிக் கற்பித்தார்கள்? தம் வளர்ப்பு மகன் உமர் பின் அபீஸலமா (ரலி) சிறுவராக இருந்தபோது, உணவுத் தட்டில் கை அங்குமிங்கும் போவதைக் கண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தனக்கு அருகிலுள்ளதை எடுக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். பேரர் ஹசன் (ரலி) ஸதகாப் பேரீச்சம் பழம் ஒன்றை வாயில் போட்டபோது, அதைத் துப்பச் செய்து, நம் குடும்பம் ஸதகாப் பொருளை உண்ணாது என்ற காரணத்தையும் அந்தச் சிறு பிள்ளைக்கு விளக்கினார்கள். வீட்டுக் கல்வி என்பது இதுதான். தட்டும் பாயும் பாடமாகும், தவறு நடந்த இடத்திலேயே திருத்தம், திருத்தத்தோடு காரணமும்.

ஆகவே மார்க்கக் கல்வியை வீட்டில் கற்பிக்கலாமா என்று கேட்க வேண்டியதில்லை. அது கடமை. பிள்ளை பள்ளிக்கூடம் போனாலும் கடமை. மக்தப் மதரஸா போனாலும் கடமை. பருவமடைந்ததும் எவை பர்ளாகின்றனவோ அவற்றைச் சிறு வயதிலேயே கற்பிப்பது தந்தை தாய் இருவர் மீதும் வாஜிப் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மஜ்மூஉ' என்னும் நூலில் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமாக விளக்கியுள்ளார்கள்.

நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்கள் 'மகானீ' போன்ற மார்க்கச் சட்ட நூல்களை அரபுத் தமிழில் எழுதியதால், அரபு எழுத்து மட்டும் தெரிந்த நம் பாட்டிமார் அடுப்படியில் அமர்ந்தபடியே தொழுகையின் பர்ளுகளையும் ஷர்த்துகளையும் படித்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தது.

உலகக் கல்வி வேண்டாமா?

"மார்க்கக் கல்விதான் வீட்டில் கிடைக்கிறதே, பள்ளிக்கூடப் படிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, மதீனத்துச் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்ற ஏற்பாட்டை நபிகளார் (ஸல்) செய்தார்கள். கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நேற்றுவரை வாளேந்தி எதிர்த்தவர்கள். கற்பித்ததும் எழுத்துத்தான். நம் சர்க்கார் பள்ளியில் அன்போடு பாடம் சொல்லித் தரும் ஆசிரியரிடம் கணக்கும் விஞ்ஞானமும் கற்க என்ன தடை இருக்க முடியும்? ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னதும் நபிகளாரே. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. பெண்ணுக்கு எழுத்து ஆகாது என்போருக்கு நபிகளாரின் இல்லமே மறுப்பாகும்.

மருத்துவம், கணக்கு போன்றவை பர்ளு கிஃபாயா என்று நம் இமாம்கள் எழுதியுள்ளார்கள். சமுதாயத்தில் ஒருவருமே கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். நம் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று விரும்புகிறோம். அந்த மருத்துவர் யார் வீட்டுப் பிள்ளையாக வேண்டும்?

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி மாயிதா சூராவின் முதல் வசனம் ஏவுகிறது. இந்நாட்டில் வாழும் நாம், மார்க்கத்துக்கு மாறில்லாத சட்டங்களைப் பேணக் கடமைப்பட்டவர்கள். அதனால் சட்டத்தையும் சரியாக அறிந்துகொள்ள வேண்டும்.

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியல் சாசனத் திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது; அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் கடமையாகவும் சேர்த்தது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. வீட்டுக் கல்வியை ஒரு தனி முறையாக அங்கீகரிக்கும் பிரிவு எதுவும் அதில் இல்லை. பெற்றோருக்கு அபராதமோ சிறையோ விதிக்கும் பிரிவும் அதில் இல்லை. தண்டனை இல்லை என்பதால் கடமை இல்லையென்று ஆகிவிடாது. தொழாதவனை இந்நாட்டில் எந்தப் போலீசும் பிடிப்பதில்லை. அதனால் தொழுகை கடமையில்லை என்போமா?

2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. இந்த விலக்கு நிறுவனங்களுக்கு உரியது. பிள்ளையை வீட்டில் சும்மா வைத்திருப்பவர் இதைத் தமக்குக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

இடையில் நின்றுவிட்ட பிள்ளைக்கு இச்சட்டத்தில் நல்ல வழி உண்டு. 4ஆவது பிரிவின்படி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 14ஆவது பிரிவு. "நின்று இரண்டு வருஷமாச்சே, இனி எப்படிச் சேர்ப்பார்கள்?" என்று தயங்கும் பெற்றோர் இதை அறிந்துகொள்ளட்டும்.

உண்மையிலேயே வீட்டில் கற்பிக்கும் திறனும் நேரமும் உள்ளவர்களுக்கும், மதரஸாவில் ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகளுக்கும், தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்ற வழி இருக்கிறது. 1989இல் மத்திய அரசு நிறுவிய அமைப்பு அது. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். ஐந்து பாடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் சிறிது சிறிதாக எழுதி முடிக்கலாம். தமிழும் அரபும் பாடங்களாக உண்டு. ஆனால் பதியுமுன், பிள்ளை போக நினைக்கும் மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதை உரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது பெற்றோர் பொறுப்பு.

இழப்பு என்ன என்பதையும் கணக்கிட வேண்டும். சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அவ்வாறு படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. ஏழாம் வகுப்பில் நிறுத்தப்படும் ஏழைப் பெண் பிள்ளை இத்தகைய வாய்ப்புகளின் வாசலுக்கே வர முடியாது.

குடும்பத்தார் அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

1. யார் முடிவு செய்வது? பால்குடியை நிறுத்துவதைக்கூட தாயும் தந்தையும் கலந்து ஆலோசித்து, இருவரும் பொருந்திச் செய்ய வேண்டும் என்கிறது பகரா சூராவின் 233ஆவது வசனம். பாலை நிறுத்தவே ஆலோசனை வேண்டுமென்றால், படிப்பை நிறுத்த வேண்டாமா? தந்தை வெளிநாட்டிலிருந்து போனில் ஒரு வார்த்தை சொல்ல, தாய் கண்ணீரோடு பையை மூலையில் வைப்பது மார்க்கம் காட்டிய முறையாகாது.

2. செலவு யாருடையது? பிள்ளைக்குச் சொந்தச் சொத்து இருந்தால் கல்விச் செலவை அதிலிருந்து செய்யலாம். இல்லையென்றால், அப்பிள்ளையின் ஜீவனாம்சம் யார் மீது கடமையோ அவர் மீது அது கடமை என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். தந்தை இருக்கும்போது அது தந்தை மீதே.

3. பெற்றோர் பிரிந்திருந்தால்? ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏறத்தாழ ஏழு வயது வரை தாயின் வளர்ப்பில் இருப்பான். அதன்பின் அவனுக்குக் கல்வியும் ஒழுக்கமும் தருவதற்காகத் தந்தையின் பொறுப்பில் வருவான். ஷாஃபிஈ மத்ஹபில் பகுத்தறியும் வயது வந்த பிள்ளை யாரிடம் இருப்பது என்று தானே தேர்ந்தெடுக்கும். மகன் தாயைத் தேர்ந்தெடுத்தால் இரவில் தாயிடம் இருப்பான். பகலில் தந்தை அவனை மக்தபுக்கோ தொழில் கற்கவோ அனுப்புவார் என்று 'மின்ஹாஜ்' கூறுகிறது. கணவன் மனைவி சண்டையில் பிள்ளையின் படிப்பு நின்றுபோகக் கூடாது என்பதில் நம் இமாம்களுக்கு எவ்வளவு கவனம் பாருங்கள்!

4. யத்தீம் பிள்ளைகள். யத்தீமின் சொத்தைப் பேணி, விவரம் வந்ததும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது நிஸா சூராவின் 6ஆவது வசனம். சிறிய தகப்பனாரோ மாமாவோ அதை அனுபவித்துக்கொண்டு, பிள்ளையை ஊதியமில்லாத வேலையாளாக வைத்திருப்பது பெரும் பாவம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) யத்தீமாக வளர்ந்தவர்கள். உஸ்தாதுக்குக் கொடுக்கத் தாயிடம் காசில்லை. உஸ்தாத் வெளியே செல்லும்போது மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே கூலியாக ஏற்று அவர் கற்பித்தார். ஒரு தாயின் உறுதியும் ஒரு உஸ்தாதின் பெருந்தன்மையும் சேர்ந்து உம்மத்துக்கு ஓர் இமாமைத் தந்தன.

5. பிள்ளைகளிடையே நீதி. ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த தந்தையிடம், பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு நபிகளார் (ஸல்) கண்டித்தார்கள். மகனுக்கு இங்கிலீஷ் பள்ளி, மகளுக்கு அடுப்படி என்று பிரிக்கும் வீட்டார் இந்த ஹதீதுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

6. அடி உண்டா? ஏழு வயதில் தொழ ஏவவும், பத்து வயதில் தவறினால் கண்டிக்கவும் ஹதீது உள்ளது. ஆனால் ஹனஃபி சட்ட மேதைகள் அதற்கு எல்லை போட்டார்கள்: கையால்தான், கம்பு கூடாது, மூன்றைத் தாண்டக் கூடாது. பாடம் வரவில்லை என்று பிரம்பை எடுப்பதற்கு இந்த ஹதீதில் ஆதாரம் இல்லை. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடுக்கிறது. தம் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது யாராயினும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

7. பிள்ளையின் சம்பாத்தியம் யாருக்கு? இது நம் வட்டாரத்தில் பலரும் அறியாத மஸ்அலா. சிறுவன் சம்பாதித்தால் அது அவன் சொத்து. தந்தை அதிலிருந்து அவனுக்கே செலவிட்டு, மீதியை அவன் பருவமடையும் வரை சேமித்து வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். பெண் பிள்ளையை அந்நியரிடம் வேலைக்கு விடுவதை அவர்கள் தடுத்தார்கள். தையல் போன்ற தொழிலைப் பெண் ஒருத்தியிடம் கற்க அனுப்புவதை அனுமதித்தார்கள். பிள்ளையின் கூலியில் வட்டிக் கடன் கட்டும் தந்தைமார் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும்!

பெயரளவில் வீட்டுக் கல்வி

சகோதரர்களே! மனம் திறந்து பேசுவோம். "வீட்டில் வைத்து ஓத வைக்கிறோம்" என்று சொல்லப்படும் வீடுகள் சிலவற்றில் நடப்பது என்ன? முதல் மாதம் காலையில் ஓதல் உண்டு. இரண்டாம் மாதம் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மூன்றாம் மாதம் தறிக்குத் தார் சுற்ற ஆள் குறைகிறது. அல்லது மிளகாய்ப் பழம் எடுக்க, பருத்தி எடுக்க ஆள் வேண்டும். ஆறாம் மாதம் குர்ஆன் உறைக்குள் இருக்கிறது. பிள்ளை வேலையில் இருக்கிறது. பிறகு வரன் பார்க்கும் பேச்சு வருகிறது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறையாத நிக்காஹ் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் அப்போது மறந்துபோகிறது.

குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதை 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் அனுமதிக்கிறது. எப்போது? பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் மட்டுமே. அதுவும் ஆபத்தில்லாத தொழிலில் மட்டுமே. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளுக்கு எந்த நேரத்திலும் அனுமதி இல்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தறியில் உட்கார வைத்துவிட்டு, அதற்கு மார்க்கக் கல்வி என்று பெயர் சூட்டினால், சட்டத்தையும் ஏமாற்றுகிறோம். மார்க்கத்தின் பெயரையும் கெடுக்கிறோம்.

இந்நாட்டில் இதற்கொரு பழைய படிப்பினை உண்டு. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்பது என்ற திட்டம் கொண்டுவரப்பட்டது. குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் முதலமைச்சரான, நம் மாவட்டத்து விருதுநகரில் பிறந்த காமராஜர் அதைக் கைவிட்டார். பின்னர் ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் கொடுத்தார். வீட்டைக் காரணம் காட்டிப் பள்ளியைக் குறைத்தால் ஏழையின் பிள்ளைதான் முதலில் நஷ்டப்படும் என்பதே அன்றைய பாடம்.

நம் பூமி மானாவாரி பூமி. ஐப்பசி மழை ஈரத்தில் விதை போடாதவன் தை மாதத்தில் கண்மாயைப் பார்த்து அழுது பயனில்லை. பிள்ளையின் ஆறு முதல் பதினான்கு வயதும் அந்த ஈரம் போன்றதே. பருவம் தப்பினால் திரும்பக் கிடைப்பது அரிது.

அப்படியானால் என்ன செய்வது?

பள்ளிக்கூடத்தை விடாதீர்கள், வீட்டு மதரஸாவைத் திறந்துவிடுங்கள். சுப்ஹுக்குப் பின் அரை மணி, மஃரிபுக்குப் பின் ஒரு மணி போதும். அந்த நேரத்தில் டி.வி.யும் கைபேசியும் மூடியிருக்கட்டும். அத்தா வெளியூரில் இருந்தால் தாய் நடத்தட்டும். தாய்க்கு ஓதத் தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து அலிஃப் பே தொடங்கட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே பாடம் நடத்தலாம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஒரு சிறு செம்பளவுத் தண்ணீரில் ஒளுச் செய்துள்ளார்கள். குழாயைத் திறந்துவிடாமல் ஒரு செம்புத் தண்ணீரில் ஒளுச் செய்யப் பழக்குங்கள். ஒளுவின் பர்ளும் வரும். இந்த வறண்ட பூமியில் தண்ணீரின் அருமையும் வரும். மழையில் விளைந்த தானியத்தில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று ஜகாத் என்பது ஹதீது. பத்து மூடை சோளத்துக்கு எவ்வளவு என்று பிள்ளையிடம் கேளுங்கள். மானாவாரியானால் ஒரு மூடை, கிணற்றுப் பாசனமானால் அரை மூடை என்று அது சொல்லும்போது பின்னக் கணக்கும் வந்துவிடும், மார்க்கமும் வந்துவிடும்.

பள்ளி தூரம் என்பது உண்மையான கஷ்டம். ஒரு தெருப் பிள்ளைகள் ஒன்றாகச் செல்லவும், பெரியவர் ஒருவர் பஸ் ஏற்றிவிடவும் மஹல்லா ஜமாஅத் ஏற்பாடு செய்யலாம். நிக்காஹ் தஃப்தர் வைத்திருக்கும் ஜமாஅத், தன் மஹல்லாவில் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தனை, பள்ளி செல்லாதவர் எத்தனை என்று ஒரு தஃப்தரும் வைக்கட்டும். ஜகாத், ஸதகா நிதியில் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைக்குப் படிப்புச் செலவு கொடுக்கட்டும்.

உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். தம் பொறுப்பில் உள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்துள்ள நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். மஹ்ஷரில் நம் பிள்ளை நமக்கு ஆதரவாகச் சாட்சி சொல்வதும், நமக்கு எதிராக வழக்காடுவதும் இன்று நம் வீட்டுத் திண்ணையில் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக்குவாயாக! ஈருலகக் கல்வியையும் அவர்களுக்கு அளிப்பாயாக! அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையில் எங்களுக்கு உறுதியைத் தருவாயாக! எங்கள் வீடுகளைக் குர்ஆன் ஒலிக்கும் வீடுகளாகவும், எங்கள் வறண்ட பூமியை உன் ரஹ்மத் மழை பொழியும் பூமியாகவும் ஆக்குவாயாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!